நான்கு நூல், ஒரு தீக்குச்சி

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போதுதான் மலேசியாவின் குளுவாங்கில் என் தையல்கடைக்குக் கூட்டம் வரும். இந்த முறை தோட்டத்து அக்கா ஒருவர் வெள்ளைத் துணியோடு வந்தார். "சுத்தக் காட்டன்னு சொல்லிக் கொடுத்தாங்கம்மா, பையனுக்கு வேர்க்காது" என்றார். விலையும் கூடத்தான் கொடுத்திருக்கிறார்.

விரலில் தேய்த்தபோதே எனக்குச் சந்தேகம். ஓரத்தில் நான்கு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீ வைத்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறந்துவிடும். இது சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகிப்போனது. கொஞ்சம் காகித வாடையும் இருந்தது. ஆக, பாலியெஸ்டர் கலப்பு.

பத்து பகாட் நகரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்லாக் (துணி ஓரம் பிரியாமல் தைக்கும் இயந்திரம்) ஓட்டிய ஆறு வருடத்தில் கற்ற வித்தை இது. (அங்கே மிச்சம் பிடித்தது இது ஒன்றுதான்.) பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும்; பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. வேர்வை முதுகிலேயே நிற்பது அதனால்தான்.

ஆனால் கலப்பு மோசம் என்று சொல்லமாட்டேன். சீருடைக்கு 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி வழக்கம்தான். அதிகம் கசங்காது, சீக்கிரம் காயும். மழைக்காலத்தில் தோட்டத்து லயத்து வீட்டில் துணி காயவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பொய் சொல்லி விற்றதில்தான் எனக்குக் கோபம்.

அக்கா யோசித்தார். "சரி, தைச்சிரும்மா. அக்குள்ல மட்டும் கொஞ்சம் லூசா விடு."

அரை அங்குலம் கூட்டி வெட்டினேன்.