ரெண்டாவது சிடி எங்க?

ஜூன் 8, சனி

காலைலயே ஏற்காட்டுல இருந்து அத்தை போன். "கண்ணு, அந்த லட்சுமி மழைல நனைஞ்சுட்டு கார்ல ஏறுமே, அந்தப் படம் சிடி கிடைக்குமா"ன்னு. சில நேரங்களில் சில மனிதர்கள். 1977ல வந்த கருப்பு வெள்ளைப் படம், ஜெயகாந்தன் நாவல், பீம்சிங் டைரக்ஷன். யூடியூப்ல தேடிப் பாக்கலாமே அத்தைன்னேன். மூடுபனி எறங்குனா இங்க நெட்டும் எறங்கிடுது, அந்த வட்டம் சுத்துறதப் பாத்தா எனக்குத் தலை சுத்துதுங்குது. டிவிக்குக் கீழ டிவிடி பிளேயர் கெடக்கு, மாமா இருந்தப்ப வாங்குனது, அதுல போட்டுப் பாக்கணுமாம். படம் வந்தப்ப டைப்ரைட்டிங் கிளாஸ்னு அப்பாயிகிட்டப் பொய் சொல்லிட்டு சேலம் வந்து பாத்துச்சாம். இத இத்தனை வருஷமா எங்க யாருகிட்டயும் சொல்லவே இல்ல.

ஜூன் 9, ஞாயிறு

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் அலைஞ்சேன். முன்னாடி கேசட், சிடின்னு வரிசையா இருந்த கடையெல்லாம் இப்ப செல்போன் கவர், டெம்பர் கிளாஸ். ஒரு கடைல பேரச் சொன்னதும் பையன் முகம் பளிச்சுன்னு ஆயிடுச்சு, இருக்கு அண்ணா, பென்டிரைவ்ல ஏத்தித் தரேன்னான். சரி தெய்வம் கண்ணத் தொறந்துச்சுன்னு நின்னேன், போன்ல போஸ்டரக் காட்டுனா அசோக் செல்வன் நிக்கிறாரு. 2022ல அதே பேர்ல இன்னொரு படம் வந்துச்சே, அது. இது இல்ல தம்பி, லட்சுமி, ஸ்ரீகாந்த், நாகேஷ் நடிச்சதுன்னேன். அந்த லட்சுமிக்கு இந்தப் படத்துக்குத்தான் தேசிய விருதே கிடைச்சதுன்னும் சொன்னேன். "அப்ப நல்ல படமா இருக்கும் போல"ன்னான், அதோட முடிஞ்சுது.

தட்டுவடை செட் ஒண்ணு தின்னுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். பீட்ரூட்டு சட்டையில ஒழுகிடுச்சு, அது வேற.

ஜூன் 13, வியாழன்

படம் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்க முடியல, நாவல எடுத்தேன். எப்பவோ படிச்சது, பாதி மறந்துபோச்சு. இதுக்கு முதல்ல ஒரு சிறுகதை இருக்கு, அக்கினிப் பிரவேசம், 1966ல ஆனந்த விகடன்ல வந்தது. மழைல நிக்கிற காலேஜ் பொண்ண ஒருத்தன் கார்ல ஏத்திட்டுப் போயிடறான், அவ வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொல்றா, அம்மா முதல்ல அடிச்சாலும் அப்பறம் தலையில தண்ணிய ஊத்தி நீ சுத்தமாயிட்டேன்னு சொல்லிடறா, விஷயம் வெளிய போகல. இதுக்கு எவ்வளவோ எதிர்ப்பு வந்துச்சு. ஜெயகாந்தன் என்ன பண்ணாருன்னா, அந்தத் தண்ணிய ஊத்தாம அம்மாக்காரி கத்திக் கூப்பாடு போட்டிருந்தா அந்தப் பொண்ணு என்ன ஆயிருப்பான்னு நாவலா எழுதிட்டாரு. தினமணி கதிர்ல தொடரா வந்து, 1972ல சாகித்ய அகாடமி விருதும் வாங்குச்சு. அதுலயும் ஒரு வேடிக்கை, அந்தத் தண்ணி ஊத்துற கதைய ஆர்.கே.வி.ங்கிற எழுத்தாளர் எழுதுன மாதிரி நாவலுக்குள்ளயே கொண்டு வந்துட்டாரு, அந்தப் பொண்ணு கங்காவே அதப் படிக்கிறா. நாகேஷ் பண்ணது அந்த எழுத்தாளர் வேஷம்தான். நாகேஷுக்கு சிரிக்க வைக்கிறது மட்டும்தான் தெரியும்னு சொல்றவங்கள உக்கார வெச்சு இதப் போட்டுக் காட்டணும்.

ராத்திரி ஒரு மணி ஆயிடுச்சு. காலைல ஆபீஸ்.

ஜூன் 16, ஞாயிறு

கிடைச்சுருச்சு!! செவ்வாய்ப்பேட்டைல ஒரு பழைய பேப்பர் கடை, உள்ள மூணு மூட்டை சிடி, கிலோ கணக்குல போடறதுக்கு வெச்சிருக்காரு. ரெண்டு மணி நேரம் கிளறுனேன், கையெல்லாம் கரி. அடி மூட்டைல இருந்துச்சு, அட்டை வெளுத்து லட்சுமி முகம் நீலமாயிடுச்சு, உள்ள ரெண்டு விசிடி, மேல மார்க்கர்ல 1, 2ன்னு எழுதியிருக்கு. இருபது ரூபா. போட்டுப் பாக்கத்தான் வழி இல்ல, லேப்டாப்ல டிரைவே கிடையாது.

ஜூன் 22, சனி

ஏற்காடு பஸ். போற வழில மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவோட வாசல் வளைவப் பாக்குறப்ப எல்லாம் ஒரு மாதிரி இருக்கும். தமிழ்ல முதல் முழு கலர் படம், அலிபாபாவும் 40 திருடர்களும், 1956ல எடுத்த கம்பெனி. வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல 1950லயே திகம்பர சாமியார்னு படமா எடுத்தவங்க. அந்த ஊர்ல ஒரு விசிடிக்கு நான் குப்பைக் கடைல கை விட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எறங்குனா ஒரே பனி. அத்தை சுக்குக் காப்பி போட்டு வெச்சிட்டு ரெடியா உக்காந்திருக்கு. முதல் சிடி கட்டம் கட்டமா நின்னு நின்னு ஓடுச்சு, எடுத்து முந்தானைல தொடச்சு, ஊதி, திரும்பப் போட்டு. எம்.எஸ்.வி. குரல்ல 'கண்டதைச் சொல்லுகிறேன்' வந்ததும் அத்தை கூடவே முணுமுணுக்குது. அது ஜெயகாந்தனே எழுதுன பாட்டுன்னேன், தெரியும் பேசாம இருங்குது.

முதல் சிடி முடிஞ்சு ரெண்டாவதப் போட்டா, சாமியே சரணம் ஐயப்பா.

யாரோ சிடிய மாத்திப் போட்டுட்டாங்க. மார்க்கர்ல 2ன்னு எழுதுன புண்ணியவான் யாரோ. எனக்கு வந்த கோவத்துக்கு அத்தை விழுந்து விழுந்து சிரிக்குது, ரெண்டு பாட்டு கேட்டுட்டே நிறுத்துன்னுச்சு.

மீதிக் கதைய நான் சொல்றேன்னேன், வேணாம் எனக்குத் தெரியும்னுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்தம்மா ஒரு கொடம் தண்ணி ஊத்தியிருந்தா படமே இல்லியேப்பா"ன்னுச்சு. அன்னிக்குப் படம் விட்டப்ப இங்கயும் மழையாம், நனைஞ்சுட்டே வீட்டுக்குப் போயிருக்கு, டைப்ரைட்டிங் கிளாஸ் முடியற நேரம் தாண்டி ரெண்டு மணி நேரம் ஆயிடுச்சு. அப்பாயி என்ன கேட்டாங்கன்னேன். "ஒண்ணும் கேக்கல. துண்ட எடுத்துத் தலைய தொவட்டி விட்டுச்சு."

சொல்லிட்டு டம்ளர எடுத்துட்டு உள்ள போயிடுச்சு.

ஜூன் 23, ஞாயிறு

கீழ எறங்கறப்பவே பேப்பர் கடைக்காரருக்குப் போன் பண்ணிட்டேன். ஆத்தூர்ல இருந்து இன்னொரு மூட்டை வியாழக்கிழமை வருதாம். பிரிக்காம வைங்கண்ணே, நான் வந்து பிரிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். கூடவே அந்த ஐயப்பன் சிடிய அத்தை திருப்பித் தரல.