குறுவை இல்லாத ஆண்டின் வருகைப் பதிவேடு

2014 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய எங்கள் வகுப்பு, இந்தக் காணும் பொங்கலன்று மீண்டும் பள்ளியில் கூடியது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர்; பள்ளிக்கூடம், ரைஸ்மில், பேருந்து நிற்கும் ஆலமரத்தடி ஆகியவற்றைத் தாண்டினால் வயல்தான். வகுப்பின் சார்பில் பள்ளிக்கு ஒரு பீரோ வாங்கித் தருவதென்றும், பள்ளி மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தருவதென்றும் முடிவாயிற்று. பீரோ வாங்கும் பொறுப்பைக் கடை வைத்திருப்பவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தமிழில் 180க்கு மேல் வாங்கியவன் என்ற ஒரே குற்றத்துக்காக, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

சொந்த நினைவுகளை மட்டும் வைத்து எல்லோர் பெயரிலும் எழுதுவது சரியல்ல என்று தோன்றியதால், வந்திருந்தவர்களிடம் நேரிலும் வராதவர்களிடம் தொலைபேசியிலும், பள்ளி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது எது என்று கேட்டேன். திருவாரூர்த் தேருக்கு வகுப்பைக் கட் அடித்துப் போனது, சத்துணவு முட்டை, பிரம்பு என்று நான் எதிர்பார்த்தவை எல்லாம் வந்தன. அவற்றை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அவை எந்த ஊர்ப் பள்ளியிலும் கிடைக்கும்.

பெரும்பாலோர் ஒருமித்துச் சொன்னது, பத்தாம் வகுப்பில் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்த நாட்களைத்தான். 2011இல் சமச்சீர் பாடத்திட்டம் வருமா வராதா என்று வழக்கு நடந்துகொண்டிருந்ததால், பள்ளி திறந்த பிறகும் எங்கள் கையில் பாடநூல் இல்லை. அந்த வாரங்களில் தமிழ் ஐயா திருக்குறளையும், கணக்கு சார் ஒன்பதாம் வகுப்புக் கணக்குகளையுமே மீண்டும் மீண்டும் நடத்தினார்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, அதன் பிறகு புத்தகங்கள் வந்து சேர்ந்தபோது, சில பக்கங்களின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. மற்ற பக்கங்களில் என்ன இருந்தது என்பது இன்று எங்களில் பலருக்கு மறந்துவிட்டது. ஒட்டிய பக்கங்களை மட்டும் யாரும் மறக்கவில்லை. ஜன்னலோரப் பெஞ்சுக்காரர்கள் பக்கத்தை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடியில் தெரிந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துச் சொல்ல, மற்றவர்கள் கேட்டோம். எச்சில் தொட்டுத் தாளை உரிக்கப் பார்த்தவன் அடியில் இருந்த பக்கத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டான். பாடநூலை அவ்வளவு ஆவலோடு நாங்கள் படித்தது அந்த ஒரு முறைதான்.

புதிய பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய முதல் அணி என்பதால், பார்த்துப் பழகுவதற்கு முந்தைய ஆண்டு வினாத்தாள் என்று ஒன்றும் எங்களுக்கு இல்லை. இது போதாதென்று மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. 2012ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பகலிலும் இரவிலும் மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது. எங்கள் வீட்டில் ஓர் எமர்ஜென்சி விளக்கு இருந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நண்பனின் வீட்டில் அதுவும் கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவனுடைய நோட்டைப் புரட்டினால் தாள்களுக்கு நடுவிலிருந்து மஞ்சள் நிறத்தில் மெல்லிய தூள் கொட்டும். அதைப் பார்த்து நான்தான் அவனுக்குத் 'தவிட்டு நோட்டு' என்று பெயர் வைத்தேன். பிளஸ் டூ முடியும்வரை அந்தப் பெயர் அவனை விடவில்லை. சம்பா அறுவடை முடிந்து நெல் குவிந்திருந்த நேரமாதலால் ரைஸ்மில் ஜெனரேட்டர் வைத்து இரவிலும் ஓடியது என்றும், மில்லின் பின்பக்கச் சுவரில் எரிந்த குழல்விளக்கின் அடியில் சாக்கை விரித்துத்தான் அவன் பத்தாம் வகுப்புப் பாடம் முழுவதையும் படித்தான் என்றும், இத்தனை ஆண்டுகள் கழித்து இந்தப் பொங்கலன்றுதான் சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. ஜெனரேட்டர் சத்தத்தில் தூக்கம் வராதது ஒரு வசதியாக இருந்தது என்றான்.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள்களைப் பற்றியும் நிறையப் பேர் சொன்னார்கள். எல்லாம் ஒரே நிறம், ஒரே அச்சு. அவரவர் சைக்கிளை அடையாளம் காண்பதற்காக ஹேண்டில்பாரில் கட்டிய கலர் நூல்களையும் ரிப்பனையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான், அதுவரை அதிகம் பேசாமல் இருந்த ஒரு தோழி வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொன்னாள்.

அதற்குக் கொஞ்சம் தண்ணீர்க் கணக்கு தெரிய வேண்டும். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் வெண்ணாற்றுக்குப் பிரிந்து, நீடாமங்கலம் அருகே மூணாற்றுத் தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகி, அதன் பிறகே எங்கள் வாய்க்காலைத் தொடும். வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தால்தான் குறுவை எனும் குறுகிய கால நெல் சாகுபடி. நாங்கள் பத்தாம் வகுப்புக்குப் போன 2011இல் ஜூன் 6ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்த நடவு நாட்களில் வகுப்பில் ஒவ்வொரு பெஞ்சிலும் ஓர் இடமாவது காலியாக இருக்கும். சிலர் நாற்றுமுடி சுமக்கப் போயிருப்பார்கள். சிலர் நடவுக்குப் போன அம்மாவுக்குப் பதிலாக வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த ஆண்டு, நாங்கள் பிளஸ் ஒன் படித்தபோது, அணை திறந்தது செப்டம்பர் 17ஆம் தேதிதான். குறுவை இல்லை. வாய்க்காலில் நாங்கள் கிரிக்கெட் ஆடினோம். அந்த ஜூலையில் எங்கள் வகுப்பின் வருகை நூற்றுக்கு நூறு ஆயிற்று. வகுப்பாசிரியையான டீச்சர் மகிழ்ந்துபோய், பதிவேட்டைத் தூக்கிக் காட்டி, பெரிய வகுப்புக்கு வந்ததும் பொறுப்பு வந்துவிட்டது என்று எங்களைப் பாராட்டினார். நாங்களும் கைதட்டினோம்.

"எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நடவு இருந்திருந்தா நான் அங்கதானே இருந்திருப்பேன்" என்றாள் தோழி. அந்த மாதம் அவள் வீட்டில் நடவுக்கூலி ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆவணி பிறப்பதற்குள் அவள் பெற்றோர் தம்பியையும் அழைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மறு ஆண்டும் ஆகஸ்ட் 2ஆம் தேதிதான் அணை திறந்ததால், அவர்கள் திரும்பி வரவில்லை. பாட்டி வீட்டுத் திண்ணையில் இருந்து அவள் பிளஸ் டூவை முடித்தாள். பதிவேட்டில் எங்கள் வகுப்பு நிறைந்திருந்த அந்த மாதத்தில், வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் அடுப்பு எரிவதே கேள்வியாக இருந்திருக்கிறது. எங்களுக்குச் சொந்த நிலமும் போர்வெல்லும் இருந்தன. 2012 என்றால் எனக்கு வாய்க்கால் கிரிக்கெட்தான். ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்தும் இதை நான் கவனிக்கவில்லை என்பது, எழுத உட்கார்ந்தபோது கூச்சமாக இருந்தது.

மலருக்கு ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். நூறு சதவீத வருகையைப் பெருமையாகக் குறிப்பிடலாமே என்று ஒருவர் சொன்னார். குறிப்பிட்டேன், பக்கத்திலேயே மேட்டூர் திறந்த தேதியையும் எழுதினேன். சைக்கிளுக்கு இரண்டு வரி போயிற்று. தேர் இடம் இல்லாமல் விழுந்துவிட்டது. ரைஸ்மில் விளக்கைப் பற்றிய பத்தியை, அனுப்புவதற்கு முன் நண்பனிடமே படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் ஒரே ஒரு திருத்தம் சொன்னான். "அது தவிடு இல்லடா, உமித்தூசி. தவிடு காசு போற பொருள், அத எவன் வெளியில பறக்க விடுவான்?"