பீரோ கண்ணாடி: ஜூன் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

பீரோ கண்ணாடி போச்சு. மூன்றடி உயரம், ஒன்றரை அடி அகலம். வளர்ப்புக்காக நம்மிடம் விடப்பட்ட அண்ணன், தங்கை இரண்டு பேர் காலிலும் செருப்பு இருந்தது. கீறல் இல்லை.

இழப்பைக் கேட்டு அரசுக்கு மனு போடணும், அதனால் பெருக்குவதற்கு முன்னாலேயே நாலு படம் எடுத்தாச்சு. அறை முழுக்க ஒன்று, பீரோ மட்டும் ஒன்று, உடைந்த விளிம்பு கிட்டத்தில் ஒன்று, அளவு தெரிய டேப்பை வைத்து ஒன்று. பெருக்கிவிட்டு எடுத்த படத்தை யாரும் ஏற்பதில்லை. பிள்ளைகள் படத்தில் விழவே கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு அவர்கள் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது. ஒரு படம் எத்தனை போனுக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும். தரையில் கிடந்த சில்லு ஒவ்வொன்றிலும் சின்னவள் முகம் தெரிந்தது. சாய்ந்து நின்று எடுக்க வேண்டியிருந்தது.

பொடி துடைப்பத்துக்கு வராது. ஈரமாக்கிய நியூஸ்பேப்பரை உருட்டி ஒற்றி எடுக்கணும்.

ஜூன் 4, புதன்

சென்னை மின்ட் தெருப் பக்கம் இரண்டு கடையில் விலை எழுதி வாங்கியாச்சு. 4 எம்.எம். கண்ணாடி சதுர அடி 110 வீதம் நாலரை அடிக்கு 495. இன்னொரு கடையில் 540. பின்னால் ஃபிலிம் ஒட்டினால் உடைந்தாலும் சிதறாது, அதற்கு 350 தனி. இந்த 350ஐ இழப்போடு சேர்த்துக் கேட்டால் மொத்த மனுவும் சந்தேகத்துக்குள் போய்விடும். இருந்த பொருளுக்குச் சமமானதுதான் இழப்பு. ஃபிலிமுக்குத் தனி வரி, ‘பாதுகாப்புக்காக’ என்று.

ஜூன் 6, வெள்ளி

மனுவில் ‘உடைத்தவர் பெயர்’ என்ற கட்டம் இன்னும் காலி.

ஜூன் 7, சனி

ராத்திரி இரண்டரைக்குக் கீழ்வீட்டு அக்கா கதவைத் தட்டினாங்க. அவங்க பெட்ரூம் சீலிங்கிலிருந்து தண்ணி.

சின்னவள் நனைந்த பாவாடையைக் கக்கூஸ் கோப்பைக்குள் திணித்து, மேலே தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறாள். படுக்கையில் போனது யாருக்கும் தெரியக் கூடாதாம். துணி வளைவில் போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் பொங்கித் தரையில் நின்று, டைல்ஸ் இடுக்கு வழியே இறங்கிவிட்டது. இந்த மாதிரி அடைப்பில் ஆசிட் ஊற்றக் கூடாது. துணி கரையாது, எடுக்க வருகிறவர் கைதான் வேகும். பிளம்பர் ஸ்பிரிங் கம்பி விட்டு இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கோப்பையையே கழற்றினார். 1,200 ரூபாய். பில் புத்தகம் அவரிடம் இல்லை, அதனால் வெள்ளைத்தாளில் வேலை விவரம், தேதி, தொகை எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சு.

அக்கா வீட்டில் சேதம் இரண்டு: தேங்காய் நார் மெத்தை, சீலிங் பெயின்ட். மெத்தை 6,400க்கு வாங்கியது, நாலு வருஷம் ஆச்சு. எட்டு வருஷம் உழைக்கும் என்று வைத்தால் கணக்குப்படி 3,200. ஆனால் பாதி மெத்தையில் யாரும் படுக்க முடியாது. தேய்மானக் கணக்கில் எப்போதும் இடிக்கிற இடம் இதுதான். மனுவில் இரண்டு தொகையையும் எழுதி, புதுசு வாங்கினால்தான் அந்த வீட்டுக்கு ஈடாகும் என்று காரணம் சொல்லணும்.

சீலிங்கை இப்போது தொடவே கூடாது. ஈரம் காயாமல் பட்டி பார்த்தால் ஒரே மாசத்தில் கொப்புளம் விடும். கடற்காற்று அடிக்கிற வண்ணாரப்பேட்டையில் மூன்று வாரமாவது ஆகும். ‘பெயின்ட் பில் பின்னர் தரப்படும்’ என்று முதல் கடிதத்திலேயே எழுதாவிட்டால், பிறகு கொண்டுபோகிற பில்லுக்கு இடமே இருக்காது.

அக்கா கோபப்படவில்லை. “புள்ள பயந்துட்டுதா?” என்றுதான் முதலில் கேட்டாங்க.

ஜூன் 9, திங்கள்

ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார். போலீஸ் என்ற வார்த்தையும் வந்தது. சின்னவளுக்கு ஆறு வயசு. ஏழு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை செய்த எதுவும் குற்றமே இல்லை, இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 20ஆம் பிரிவு.

அட்வான்ஸ் விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் எந்த ரிப்பேர் யார் தலையில் என்று அட்டவணை இருக்கிறது. வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனருக்கு. சாக்கடை அடைப்பு, கக்கூஸ் ரிப்பேர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி குடியிருப்பவருக்கு. குடியிருப்பவரால் வந்த சேதம் என்றால் வெள்ளையடிப்பும் இந்தப் பக்கம் வந்துவிடும். ஆகவே சீலிங் நம் கணக்குதான். ஆனால் டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் உதிர்ந்தது பழைய சங்கதி, அதை இதில் ஏற்ற விடக் கூடாது. இடுக்கையும் படம் எடுத்தாச்சு.

ஜூன் 10, செவ்வாய்

மிஷன் வாத்சல்யா என்ற அரசுக் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000. அது சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் மருந்துக்கும் வருகிற காசு. அதில் ஒரு ரூபாய் எடுத்துக் கண்ணாடி வாங்கினாலும் பிள்ளையிடம் அபராதம் வாங்கியதாகத்தான் அர்த்தம். உத்தரவைத் திரும்பத் திரும்பப் படித்தும் சேதத்துக்கென்று ஒரு வரி கண்ணில் படவில்லை.

ஜூன் 12, வியாழன்

தூக்கம் இல்லை. அந்தக் கட்டம்தான்.

பெயரை எழுதினால் காசு வரலாம். ஆனால் அந்தத் தாள் பிள்ளையின் கோப்பில் போய் உட்காரும். இரண்டு தாள் சேர்ந்தால் ‘முரட்டுக் குழந்தை’ ஆகிவிடுவாள். மூன்றாவதில் வேறு வீடு, இல்லையென்றால் ஹோம். அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம். கூடப் பிறந்தவர்களைப் பிரிக்காமல் வைக்கத்தான் இளைஞர் நீதிச் சட்டம் 44ஆம் பிரிவே சொல்கிறது, ஒரு பீரோ கண்ணாடி அதைக் கலைக்கக் கூடாது.

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலச் சட்டத்தில் 30.297 என்று ஒரு பிரிவு. வளர்ப்புப் பிள்ளையால் வளர்ப்புப் பெற்றோரின் பொருளுக்குச் சேதம் வந்தால், தப்பு யார்மேல் என்று பார்க்காமலே மாநிலத் துறை பொறுப்பு. தப்பு யார்மேல் என்று பார்க்காமல். இங்கேயும் கேட்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

ஜூன் 14, சனி

ரெக்சின் விரிப்பு, அதன் மேல் பழைய வேட்டி நாலாக மடித்து. கட்டில் பக்கத்தில் மூடியில்லாத பக்கெட். நனைந்த துணியை அதில் போட்டால் போதும், யாரும் கேட்க மாட்டார்கள் என்று இரண்டு பேரிடமும் சொல்லியாச்சு. இன்று காலை பக்கெட்டில் ஒரு பாவாடை இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

மனு தயார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒன்று, குழந்தைகள் நலக் குழுவுக்கு நகல், நம்மிடம் ஒன்று. நம் பிரதியில் சீல் வாங்காமல் வரக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 105ஆம் பிரிவு மாநிலம் நிதி ஒன்று உருவாக்கலாம் என்கிறது. அதிலிருந்து உதவ வேண்டும் என்று கேட்டிருக்கிறது.

தலைப்பில் பிள்ளை பெயர் இல்லை, ‘இந்த இல்லத்தில் ஏற்பட்ட சேதம்’ என்று மட்டும். ‘உடைத்தவர் பெயர்’ கட்டத்தை அடித்துவிட்டு ‘அன்று நடந்தது’ என்று மாற்றியாச்சு. 3ஆம் தேதி வரியில்: சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டிய அம்மாவின் போன் வரவில்லை.

ஜூன் 18, புதன்

கண்ணாடி மாட்டியாச்சு. சின்னவள் முன்னால் நின்று கீழ்ப்பல்லை ஆட்டிப் பார்க்கிறாள். பத்து மணிக்குக் குழு.