துப்பாக்கியைத் தொடலாமா என்று மகன் கேட்டபோது

சிங்கப்பூரில் பையன்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்கு (என்.எஸ்.) போகப்போகிற பிள்ளை வீட்டில் இருக்கிற கிறிஸ்தவப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பெரியவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, "சத்துருக்களை நேசியுங்கள் என்று இயேசு சொல்லியிருக்கிறாரே, அப்புறம் நான் போய் மனுஷனைச் சுடப் பழகலாமா அப்பா?" என்று கேட்டான். என்.எஸ்.சுக்குப் பயந்து கேட்கிற பிள்ளை இல்லை அவன். ஓடுவான், நீந்துவான், பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவன். வாலிபர் கூட்டத்தில் மத்தேயு 5-ஐ வரிவரியாகப் படித்ததில் வந்த கேள்வி அது. ஒரு வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு.

நான் தொண்ணூறுகளில் இரண்டரை வருஷம் என்.எஸ். செய்தவன். அப்போது எங்கள் கையில் எம்-16 துப்பாக்கி. இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சபையில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, தலையில் கை வைத்து, பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று ஜெபித்து அனுப்பினார்கள். நல்ல ஜெபம்தான், நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் பதினெட்டு வயதுப் பையன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் நாட்டில், அவன் உயிருக்காக ஜெபிக்கிற சபை அவன் மனசாட்சிக்காகவும் கவலைப்பட வேண்டும். அந்தக் கவலையை வீட்டிலேயே தொடங்கியாக வேண்டும், அதுவும் படையில் சேரச் சொல்லும் கடிதம் வருவதற்கு முன்னால்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். எல்லாரும் இதிலிருந்தே தொடங்குவது நல்லது, ஏனென்றால் வெளிநாட்டுப் பிரசங்கங்களைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சில நாடுகளில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் எடுக்க மறுக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரி வேலை, முதியோர் இல்ல வேலை என்று மாற்றுச் சேவை உண்டு. சிங்கப்பூரில் அது கிடையாது. படைச்சேர்ப்புச் சட்டத்தின்படி, உத்தரவுக்குக் கட்டுப்படாதவருக்கு 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் பதிவு 1972-இல் ரத்தானதற்கு அவர்கள் என்.எஸ்.ஸை மறுத்ததும் ஒரு காரணம். அந்தக் குடும்பங்களின் பையன்கள் இரண்டு ஆண்டுக்கும் மேலாக ராணுவத் தடுப்பு முகாமில் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். உபதேசத்தில் அவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய தூரம், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அதைப் படித்த அன்று என் மனைவி சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். "அந்தப் பையன்களும் ஒரு அம்மா பெற்ற பிள்ளைகள்தானே" என்றாள்.

அடுத்து போதகரிடம் போனோம். அவர் ரோமர் 13-ஐத் திறந்து, "அதிகாரி பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை தம்பி, நாடு கூப்பிட்டால் போக வேண்டியதுதான்" என்றார். பேச்சு சீக்கிரமே முடிந்துவிட்டது. கீழே வந்து பேருந்துக்கு நிற்கும்போது பையன் சொன்னான்: பவுல் அதிகாரம் பிரித்து எழுதவில்லை, 12-இன் கடைசியில் பழிவாங்காதே, உன் சத்துரு பசியாயிருந்தால் போஜனம் கொடு என்று சொல்லிவிட்டு அதே மூச்சில்தான் 13-க்குள் போகிறார், இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டாமா? நியாயமான கேள்வி. அதற்கப்புறம் நாங்கள் இருவருமே ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தோம்.

ஆதிச்சபையைப் பற்றிப் படித்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். முதல் மூன்று நூற்றாண்டுகளில் எழுதியவர்களில் பலர் கிறிஸ்தவன் போர்வீரன் ஆவதை ஏற்கவில்லை. கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை உறையில் போடச் சொன்ன கர்த்தர் எல்லாப் படைவீரரின் இடுப்பிலிருந்தும் அதைக் கழற்றிவிட்டார் என்று எழுதினார் ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன். ஆனால் அதே காலத்தில் ரோமப் படையில் கிறிஸ்தவர்களும் இருந்திருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே இடத்தில் மோதிய ஒரு வழக்கு உண்டு. அதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கி.பி. 295, இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் தெபெஸ்ஸா. மாக்சிமிலியன் என்ற 21 வயதுப் பையனைப் படையில் சேர்க்க ஆளுநர் தியோன் முன்னால் நிறுத்துகிறார்கள். நான் கிறிஸ்தவன், என்னால் படையில் சேவிக்க முடியாது என்கிறான். உயரத்தை அளந்து பாருங்கள் என்கிறார் ஆளுநர், அளக்கிறார்கள், ஐந்தடி பத்து அங்குலம். படைவீரன் என்பதற்கு அடையாளமாகக் கழுத்தில் மாட்டும் ஈய முத்திரையை அவன் வாங்க மாட்டேன் என்கிறான். ஆளுநர் பக்கத்தில் நின்ற தகப்பன் விக்டரிடம் திரும்பி, நீயாவது புத்தி சொல் என்கிறார். அவனுக்கு எது நல்லது என்று அவனுக்கே தெரியும் என்பதுதான் அந்தத் தகப்பனின் பதில். சக்கரவர்த்தியின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று ஆளுநர் கேட்டபோது, அவர்களுக்கு எது சரி என்று அவர்களுக்குத் தெரியும், நான் கிறிஸ்தவன், என்னால் தீமை செய்ய முடியாது என்றானாம். சேவிக்கிறவர்கள் என்ன தீமை செய்கிறார்கள் என்று ஆளுநர் கேட்டதற்கு, அவர்கள் செய்வது உங்களுக்கே தெரியும் என்று மட்டும் சொன்னான். மரண தண்டனை விதிக்கப்பட்டு, கொலைக்களத்துக்குப் போகும் வழியில் தகப்பனைப் பார்த்து, எனக்காக வாங்கிய புதுப் படை உடையை என்னை வெட்டப்போகிற இந்தச் சேவகனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அதாவது அந்தத் தகப்பன் மகனுக்குப் படை உடை வாங்கியே வைத்திருந்தார். சி.எம்.பி.பி. என்ற படைச்சேர்ப்பு நிலையத்தில் மருத்துவப் பரிசோதனைக்குப் போன என் பிள்ளை உயரமும் எடையும் அளந்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சாயங்காலம், எனக்கு அந்த விக்டர் ஞாபகம்தான்.

சரி, மறுபக்கத்தையும் படித்தோம். பழைய சபைப் பிதாவான அகுஸ்தீன் தொடங்கிவைத்த நீதியான போர் என்ற சிந்தனையை 13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகளாக வைத்தார்: உரிய அதிகாரம் உள்ளவர் அறிவிக்க வேண்டும், காரணம் நீதியாக இருக்க வேண்டும், நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். எனக்கு இது ஒத்துப்போகிறது. பக்கத்து வீட்டில் புகுந்து அடிக்கிறவனைத் தடுக்காமல் நிற்பது அன்பு இல்லை என்று நான் நம்புகிறேன். ஆனால் அந்த மூன்றையும் உண்மையாகவே உரசிப் பார்த்தால் உலகத்தில் நடந்த போர்களில் பெரும்பாலானவை தேறாது. 'நீதியான போர்' என்று சொல்லிவிட்டு எந்தப் போருக்கும் தலையாட்டுகிற கிறிஸ்தவர்கள் அக்குவினாஸைப் படித்தவர்கள் இல்லை. பையன் அதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தான்: காரணம் நீதியா இல்லையா என்று சிப்பாயிடம் யார் கேட்கிறார்கள்? ராஜா அநியாயக்காரனாக இருந்தாலும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த சிப்பாய்மேல் குற்றம் இல்லை என்கிற அளவுக்கு அகுஸ்தீன் போகிறார். நாஜித் தலைவர்களை விசாரித்து, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற சாக்கை ஏற்காத நியூரம்பெர்க் விசாரணைக்குப் பிறகு அதை அப்படியே யாராலும் சொல்ல முடியாது என்றான் பையன். அந்த இடத்தில் நான் அவன் பக்கம்.

ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரையும் சேர்த்துக்கொண்டோம். மலைப்பிரசங்கத்தை அப்படியே வாழ வேண்டும் என்று, காந்தியைப் பார்க்க இந்தியா வரத் திட்டமிட்டவர், கடைசியில் ஹிட்லருக்கு எதிரான சதியில் சேர்ந்து 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். அவரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எங்களுக்கு இன்னும் ஒத்துவரவில்லை.

புத்தகத்தைவிட நம் ஊரே நிறையச் சொல்லிக்கொடுத்தது. ஒரு சனிக்கிழமை, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனோம். கல்லறை இல்லாத வீரர்களின் பெயர்களை உயரமான சுவர்களில் பொறித்திருக்கிறார்கள், 24,000-க்கும் மேல். அதில் இந்தியப் படையினரின் பெயர்கள் வரிசை வரிசையாக வருகின்றன. பையன் விரலை வைத்து நம்மூர்ப் பெயர்களைத் தேடிக்கொண்டே நடந்தான். திரும்பும்போது ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒய்.எம்.சி.ஏ. இருக்கும் இடத்தில் இறங்கினோம். ஜப்பானியர் காலத்தில் அங்கிருந்த பழைய கட்டடத்தில்தான் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவ போலீஸ், ஆட்களை அடைத்துச் சித்திரவதை செய்தது. ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சனை 1943 அக்டோபரில் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். அடிக்கிறவர்களைச் சின்னப் பிள்ளைகளாக மனசில் நினைத்துப் பார்த்தேன், அப்போது வெறுக்க முடியவில்லை என்று போருக்குப் பிறகு அவர் சொன்னார். தன்னை வதைத்தவர்களில் ஒருவருக்கே பிற்பாடு, விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தல் கொடுத்தார். சத்துருவை நேசிப்பது நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு நான் இப்போது இதைத்தான் சொல்கிறேன், நம் தீவில், பேருந்து நிற்கிற இடத்தில் நடந்தது. ஆனால் அதே ஊரில் 1942-இல் பாதுகாப்பு உடைந்ததால்தான் அத்தனை பேர் அந்த அறைகளுக்குள் போனார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் பேசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

சபையில் இதைப் பேசலாமா என்று கேட்டபோது பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். 1987-இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் 22 பேர் கைதானார்கள், அதில் கத்தோலிக்க சபையோடு சேர்ந்து சமூகப்பணி செய்தவர்களும் இருந்தார்கள். மார்க்சியச் சதி என்றது அரசாங்கம், கைதானவர்கள் மறுத்தார்கள். 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தது, மதத்தையும் அரசியலையும் கலக்காதே என்பது அதன் சாரம். அதனால் அரசாங்கம், ராணுவம் என்ற பேச்சு வந்தாலே பிரசங்க மேடை அமைதியாகிவிடும். பிரசங்க மேடையிலிருந்து கட்சி அரசியல் பேசக்கூடாது என்பதில் எனக்கும் முழு உடன்பாடு, பல மதத்தார் சேர்ந்து வாழும் ஊர் இது. ஆனால் ஒரு விசுவாசி தன் மனசாட்சியை வேதத்தின் முன் வைத்துப் பார்ப்பது அரசியல் ஆகாது. 'பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்' என்று எரேமியா 29-இல் இருக்கிறது, தேட வேண்டுமானால் முதலில் பேச வேண்டாமா?

எங்களுக்குப் பெரிய உதவியாக வந்தவர் சபையில் இருக்கும் ஒரு அங்கிள், முழுநேரப் படையில் வாரண்ட் ஆபிசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பையனிடம் வாதாடவே இல்லை. யோவான் ஸ்நானகனிடம் போர்ச்சேவகர் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிற லூக்கா 3:14-ஐ வாசிக்கச் சொன்னார். வேலையை விட்டுவிடு என்று யோவான் சொல்லவில்லை, ஒருவருக்கும் இடுக்கண் செய்யாதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். "தம்பி, நீ போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, எதைச் செய்ய மாட்டாய் என்று இப்போதே எழுதி வை. களத்தில் நின்றுகொண்டு யோசிக்க நேரம் இருக்காது" என்றார்.

அன்று ராத்திரியே எழுதினான். நிராயுதபாணியைச் சுட மாட்டேன், பிடிபட்டவனைத் தொட மாட்டேன், கொல்வதை வைத்து யாராவது தமாஷ் செய்தால் சிரிக்க மாட்டேன், எந்த இனத்தையும் எதிரி என்று மனசில் வைக்க மாட்டேன். இப்படிப் போகிறது அந்தத் தாள். மடித்து லூக்காவில் வைத்திருக்கிறான். முடிவையும் அவனே சொன்னான்: "ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு எனக்கு நிச்சயம் இல்லை அப்பா, ஆனால் கேள்வியைக் கீழே போட்டுவிட்டுப் போகவும் முடியாது." நான் சம்மதித்தேன். மறுக்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் கூட நின்றிருப்பேன், அதையும் அவனிடம் சொன்னேன்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராணுவமா, போலீஸா, குடிமைத் தற்காப்புப் படையா என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. எந்தப் பணியில் ஆர்வம் என்று முன்கூட்டியே தெரிவிக்கலாம், கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அவன் மெடிக் (படையில் மருத்துவ உதவியாளர்) வேலையை முதலில் போட்டான். மெடிக்கும் துப்பாக்கி பழகித்தான் ஆக வேண்டும், ராணுவ அடிப்படைப் பயிற்சியில் எஸ்.ஏ.ஆர். 21 துப்பாக்கி உண்டு, அதைப் பிள்ளைக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள். சேரும் நாளில் படகேறி, பயிற்சி முகாம் இருக்கும் புலாவ் தெக்கோங் தீவு வரை நாமும் போகலாம், படுக்கும் அறையைக் காட்டுவார்கள், உறுதிமொழி எடுப்பதைப் பார்க்கலாம், சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம். அந்த உறுதிமொழியை வீட்டிலேயே படித்துப் பார்த்திருந்தோம். நாட்டின் கௌரவத்தையும் சுதந்திரத்தையும் உயிரைக் கொடுத்தும் காப்பேன் என்று வருகிறது. உயிரைக் கொடுக்க என்னால் சொல்ல முடியும் என்றான், சத்தமாகவே சொன்னான்.

சுடும் பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் அதிகம் பேசவில்லை. குறிபார்க்கும் பலகை மனுஷ உருவத்தில் இருந்தது என்றான், குறி நன்றாக விழுந்தது என்றான், அதில் சந்தோஷப்பட்டது தனக்கே கஷ்டமாக இருந்தது என்றான். நான் அறிவுரை எதுவும் சொல்லாமல் கூட உட்கார்ந்து ஜெபித்தேன். மெடிக் கிடைக்கவில்லை, காலாட்படைக்குத்தான் போட்டார்கள். தாள் இன்னும் லூக்காவில் இருக்கிறது, இரண்டு வரி கூட்டியிருக்கிறான்.

இப்போது எங்கள் சபையில், என்.எஸ். போகப்போகிற பையன்களையும் பெற்றோரையும் ஆராதனை முடிந்ததும் பின்னறையில் உட்கார வைத்துப் பேசுகிறோம். அந்த அங்கிள் வருகிறார், போதகரும் வந்து உட்காருகிறார், ரோமர் 12-ஐயும் 13-ஐயும் இப்போது சேர்த்தே வாசிக்கிறார். போன முறை ஒரு பையன், தப்பான உத்தரவு வந்தால் என்ன செய்வது என்று கேட்டான். சட்டமே சட்டபூர்வமான உத்தரவுக்குத்தான் கீழ்ப்படியச் சொல்கிறது, அந்த வார்த்தையை மறக்காதே என்றார் அங்கிள். சட்டபூர்வமாக இருந்தும் தப்பாக இருந்தால் என்று அடுத்த பையன் கேட்டான். அதை வைத்து மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை பேசினோம், இன்னும் முடியவில்லை, அடுத்த கூட்டத்துக்கு, மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று வருகிற அப்போஸ்தலர் 5-ஐ எல்லாரும் படித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறோம்.