ஜூரி தீர்ப்புக்குப் பிறகு என்ன வழி

அமெரிக்காவில் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட்டால் மேல்முறையீட்டில் வழக்கு முதலிலிருந்து மறுபடி நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்காது. புதிதாகச் சாட்சி விசாரணை கிடையாது, யார் சொன்னது உண்மை என்று நீதிபதிகள் எடைபோடவும் மாட்டார்கள். சாட்சியம் போதவில்லை என்று வாதிட்டால், 1979-ல் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்தான்: எல்லாச் சாட்சியங்களையும் அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார்த்து, அப்போதும் பகுத்தறிவுள்ள எந்த ஜூரியும் நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால்தான் தண்டனை ரத்தாகும். இதைத் தாண்டுவது ரொம்பக் கஷ்டம்.

சரி, விசாரணையிலேயே தவறு நடந்திருந்தால்? அங்கே கொஞ்சம் வழி உண்டு, ஆனால் வக்கீல் அப்போதே ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும். அவர் சும்மா இருந்துவிட்டால் மேலே போய் ஜெயிப்பது இன்னும் கடினம், சிறையில் இருப்பதோ கட்சிக்காரர்.

எனக்கு மனசு ஆறாதது ஜூரி அறை விஷயம்தான். உள்ளே பேசியதைக் காட்டித் தீர்ப்பை எதிர்க்கப் பொதுவாக விடமாட்டார்கள். ஒரு ஜூரர் இனவெறியை வைத்தே முடிவெடுத்தேன் என்று வெளிப்படையாகப் பேசியிருந்தால் அதை நீதிமன்றம் கேட்டாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 2017-ல்தான். இதற்கு ஏன் இவ்வளவு காலம்?