கப்பல் சுற்றிப் போனாலும் சனிக்கிழமை சம்பளம் சனிக்கிழமைதான்

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை ஏமன் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் பிடித்தபோது, திருப்பூரில் துணி ஏற்றுமதி செய்யும் நாங்கள் அதை டிவி செய்தியாகத்தான் பார்த்தோம். அடுத்த மாதமே மெர்ஸ்க், ஹபாக் லாயிட் மாதிரி பெரிய கப்பல் கம்பெனிகள் எல்லாம் சூயஸ் பக்கமே வேண்டாம் என்று நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி ஐரோப்பா போகும் எங்கள் சரக்குக்குக் கூடுதலாக 10 முதல் 14 நாள்.

எஃப்.ஓ.பி. தானே, அதாவது கப்பலில் ஏற்றுவதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது, கப்பல் வாடகை பாயர் (சரக்கு வாங்குபவர்) தலையில்தானே என்று நானும் தைரியமாக இருந்தேன். அடி வேறு இடத்தில் விழுந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் "சரக்கு கைக்கு வந்து 45 நாளில் பணம்" என்று ஒரு வரி. பி.எல். தேதியிலிருந்து, அதாவது சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீதின் தேதியிலிருந்து, 45 நாள் என்று போட்டிருந்தால் கப்பல் எந்தப் பக்கம் சுற்றினாலும் கெடு ஓடிக்கொண்டிருக்கும். இப்போதோ கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றும் நாளெல்லாம் எங்கள் பணமும் கடலில், சரக்கு தயாரிக்க வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனின் வட்டி மட்டும் பேங்கில் ஏறுகிறது. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளத்துக்கு நின்ற டெய்லர் அக்கா ஒருவர் "ஏனுங்ண்ணா, கப்பல் போயிருச்சுங்களா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் இன்சூரன்ஸ் பாலிசியை உட்கார்ந்து படித்தேன். சாதாரண கார்கோ பாலிசியில் போர்ச் சேதம் கிடையாது, அதற்குத் தனியாக வார் கிளாஸ் என்ற போர்க் காப்பு விதியைச் சேர்த்து எடுக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் சரக்கு கப்பலில் இருக்கும்வரைதான். கொழும்பு மாதிரி இடையில் இறக்கி மாற்றும் துறைமுகத்தில் 15 நாளுக்கு மேல் கிடந்தால் அந்தக் காப்பு நின்றுவிடும், அடுத்த கப்பலில் ஏற்றினால்தான் மறுபடி உயிர் வரும். சி.ஐ.எஃப்.-இல் (கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் விற்பவரே கட்டும் முறை) அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

இதையெல்லாம் காசுக் கணக்காக மட்டும் எழுத மனசு வரவில்லை. 2024 மார்ச் 6-இல் ட்ரூ கான்ஃபிடென்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் செத்துப்போனார்கள். மீதிப் பேரை நம் ஐ.என்.எஸ். கொல்கத்தாதான் மீட்டது. சுற்றிப் போகட்டும், பரவாயில்லை. நாங்கள்தான் அதற்குத் தகுந்தபடி ஆர்டர் எடுக்க வேண்டும்.

இப்போது டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது மூன்று வாரம் கூடுதலாக விட்டுத்தான் நூல் புக் செய்கிறோம். கோடை சீசன் சரக்கில் அவசரமானதை மட்டும் துபாய் வரை கப்பல், அங்கிருந்து விமானம் என்று பிரித்து அனுப்பிப் பார்த்தோம். செலவு கையைக் கடித்தாலும் முழுக்க விமானத்தில் அனுப்புவதைவிடக் குறைவு. ஓய்ந்தது என்று நினைத்தால் 2025 ஜூலையில் ஒரே வாரத்தில் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்று இரண்டு கப்பலை ஹூதிகள் மூழ்கடித்தார்கள்.

போன வாரம் ஒரு பாயரிடமிருந்து புது ஒப்பந்தம் வந்தது, அதே "கைக்கு வந்து" வரியோடு. அந்த இடத்தில் பி.எல். தேதி என்று திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.