ஐந்து உயிர், 120 கட்டம்: நீண்ட ஆங்கிலச் சொல் வேட்டை

வேலை இதுதான். ஆங்கிலத்தின் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் தலா ஒரே ஒரு முறை வரும் சொற்களைத் தேட வேண்டும். அந்த ஐந்தும் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்து, அதற்குரிய கட்டத்தில் பொருளோடு எழுத வேண்டும். ஐந்து எழுத்தை 120 விதமாக அடுக்கலாம் என்பதால் 120 கட்டம். பள்ளிக் கணக்கில் வரிசைமாற்றம் என்று படிக்கிறோமே, அதற்கான பெர்மியூட்டேஷன் என்ற சொல்லே இந்த ஆட்டத்தில் தேறுகிறது: ஈ, யூ, ஏ, ஐ, ஓ. அளவியலைக் குறிக்கும் மென்சுரேஷனுக்கும் அதே கட்டம்தான்.

விதிகளை முதலிலேயே எழுதி வைப்பது நல்லது. நடுவில் மாற்றினால் பட்டியல் முழுவதையும் திரும்பப் பார்க்க நேரும். இங்கே வைத்துக்கொண்டவை: குறைந்தது 9 எழுத்து, தனிப்பெயர் கூடாது, சிறுகோடு போட்டு இணைத்த சொல் கூடாது, ஒய் கணக்கில் இல்லை, பொருள் புரியாத சொல் கட்டத்தில் ஏறாது. ஈக்குவேஷன் (8), செக்கோயா (7) போன்ற குட்டைச் சொற்கள் ஓரக்குறிப்பில் மட்டும்.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. நமக்கு எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டியே போகும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. நிமோனியா என்று சொல்லும்போது முதலில் இருக்கும் பி காதில் விழாது, அடுத்து வரும் ஈ-யும் யூ-வும் தனித்தனியாகக் கேட்காது. டயலாக்கின் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் கடைசியில் யூ, ஈ இரண்டும் ஓசையின்றி நிற்கின்றன. ஒலியை நம்பித் தேடினால் பாதிச் சொல் நழுவிவிடும். கண்ணால்தான் தேட வேண்டும்.

சொற்பட்டியலுக்கு, மேக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வேர்ட்ஸ் கோப்பு போதும். 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியின் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. சுமார் 2,35,000 சொற்கள். எக்செல்லின் ஒரே ஷீட்டில் அடங்கிவிடும். வழக்கொழிந்த சொற்கள் ஏராளம், பன்மை வடிவங்கள் குறைவு. அமெரிக்க அகராதி என்பதையும் மறக்கக் கூடாது. நாம் படித்த பிஹேவியர், ஃபேவரிட் இரண்டும் பிரிட்டிஷ் எழுத்துமுறையில்தான் தேறும். அமெரிக்க எழுத்துமுறையில் யூ விழுந்துவிடும்.

வடிகட்டும் முறை: சொல்லின் நீளத்திலிருந்து, ஏ-வை நீக்கிய பின் மிஞ்சும் நீளத்தைக் கழித்தால், ஏ எத்தனை முறை வந்தது என்று தெரியும். லென், சப்ஸ்டிடியூட் ஃபார்முலாக்கள் இதற்குப் போதும். ஐந்து எழுத்துக்கும் ஐந்து பத்தி. ஐந்திலும் 1 வந்தால் சொல் தேறியது. பெரிய எழுத்தில் தொடங்கும் தனிப்பெயர்களை இதற்கு முன்பே நீக்கிவிட வேண்டும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டால் பிறகு அடையாளம் காண வழியில்லை.

அடுத்து ஃபைண்ட் ஃபார்முலாவால் ஒவ்வோர் உயிரும் எத்தனையாவது இடத்தில் என்று பார்த்தால் வரிசை கிடைக்கும். எண்ணாமல் நேரே இதற்குத் தாவினால் அட்வென்டிஷியஸ் ஏமாற்றும். வேற்றிட வேர் என்று தாவரவியலில் படிக்கிறோமே, அந்த 'வேற்றிட'. 1, 4, 7, 10, 11 என்று உயிர்கள் அழகாக ஏறுவரிசையில் நிற்கும். ஆனால் ஒன்பதாம் இடத்தில் இன்னொரு ஐ இருக்கிறது; ஃபைண்ட் முதல் ஐ-யை மட்டும்தான் காட்டும்.

நிரப்பத் தொடங்கியதும் சில கட்டங்கள் வழிகின்றன, பல காலியாகவே கிடக்கின்றன. காரணம் விகுதி. 'ஏஷன்' விகுதி ஏ, ஐ, ஓ மூன்றையும் பூட்டிவிடுகிறது. மிஞ்சுவது ஈ-யும் யூ-வும். ஆகவே இரண்டே கட்டம். ஈ முந்தினால் எஜுகேஷன், ரெபுட்டேஷன், ரெகுலேஷன், பெர்டர்பேஷன். யூ முந்தினால் நியூமரேஷன் (எண்ணுதல்), அல்சரேஷன் (புண்ணாதல்). இவற்றில் பெர்டர்பேஷன் தனி அழகு: ஒரு கோளின் பாதையை இன்னொன்றின் ஈர்ப்பு சற்றே பிசகச் செய்வது. யுரேனஸின் அந்தப் பிசகைக் கணக்கிட்டுத்தான் 1846-இல் நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள்.

'இயஸ்' என்று ஒலிக்கும் விகுதி ஐ, ஓ, யூ மூன்றையும் பூட்டுகிறது. ஈ முதலில் வரும் கட்டத்தில் கூட்டம்: கிரிகேரியஸ் என்றால் கூட்டமாக வாழ்கிற, லத்தீனில் மந்தையைக் குறிக்கும் சொல்தான் வேர். பிரிகேரியஸ், கெஞ்சிப் பெற்றது என்ற பொருளில் தொடங்கி, பிறர் தயவில் இருப்பதால் நிலையற்றது என்று வளர்ந்தது. டினேஷியஸ், பிடித்த பிடி விடாத.

ஏ முதலில் வந்தால் ஐந்தும் அகர வரிசையிலேயே அமையும். எல்லோரும் தேடும் கட்டம் அது, சொற்கள் சிலவே. ஃபசீஷியஸ் (9) என்பது கனமான பேச்சின் நடுவே பொருந்தாத வேடிக்கை செய்வது. ஆப்ஸ்டீமியஸ் (10) உணவிலும் குடியிலும் அளவோடு இருப்பது. லத்தீனில் 'மதுவிலிருந்து விலகி' என்று பிரியும். ஆர்சீனியஸ் (9) வேதியியல் சொல். ஆர்சீனியஸ் ஆக்சைடு நம் வெள்ளைப் பாஷாணம். முதல் இரண்டின் கடைசியில் எல், ஒய் சேர்த்தால் ஒய்-யும் வரிசை பிசகாமல் ஆறாவதாக நிற்கும்.

நேர் தலைகீழ் வரிசைக்குச் சப்கான்டினென்டல், அதாவது துணைக்கண்டம் சார்ந்த. 14 எழுத்து. அதே கட்டத்தில் அன்காம்ப்ளிமென்டரி, பாராட்டாக அமையாத. 15 எழுத்து.

இன்னொரு 15 எழுத்துச் சொல் அன்காப்பிரைட்டபிள், பதிப்புரிமை பெற முடியாத. இதில் எந்த எழுத்துமே இரண்டாம் முறை வராது, மெய்கள் உட்பட. அன்ஃபர்கிவபிள், மன்னிக்க முடியாத என்பதற்கும் இதே கட்டம்: யூ, ஓ, ஐ, ஏ, ஈ.

ஓ-வில் தொடங்கும் 24 கட்டங்களில் இப்போதைக்கு மூன்றில்தான் சொல் இருக்கிறது: ஹவுஸ்மெய்ட், அவுட்டிஸ்டன்ஸ் (பந்தயத்தில் வெகுவாக முந்து), ஓவர்ஹாலிங் (முழுதும் பிரித்துப் பழுதுபார்த்தல்). மூன்றாவது கிடைத்தது 'இங்' விகுதியால். ஐ இல்லாமல் தவிக்கும் சொல்லுக்கு அது ஐ-யைக் கொடுக்கும். ஈ-யில் முடியும் வினையில் அந்த ஈ-யையும் விலக்கும். என்கரேஜில் ஈ இரண்டு, ஐ இல்லை. என்கரேஜிங் ஆனதும் தேறிவிடுகிறது. டிஸ்கரேஜ் தானாகவே தேறும். 'இங்' சேர்த்தால் ஐ இரண்டாகி, ஈ போய்க் கெட்டுவிடும். காலிக் கட்டங்களுக்கு இனி ஈ-யில் முடியும் வினைச்சொற்களை இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும்.